எழும் நேரத்தை மாற்றாதீர்கள்

பிளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்கினால் என் வகுப்பில் முதலில் கெடுவது தூக்கம்தான். நான் உயிரியல் ஆசிரியை. பாடத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள்கூட, இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுத் தேர்வு அறையில் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

"படுத்தா தூக்கமே வரல மிஸ்" என்றாள் ஒரு மாணவி.

"எத்தனை மணிக்குப் படுத்தே?"

"ஒன்பதுக்கே மிஸ். காலையில எழுந்ததே பத்து மணிக்குத்தானே, அதான் வரலையோ?"

காரணத்தை அவளே சொல்லிவிட்டாள். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. அது போதிய அளவு சேர்ந்தால்தான் கண் சொக்கும். பத்து மணிக்கு எழுந்தவளுக்கு ஒன்பது மணிக்குள் அது சேர்ந்திருக்காது. போதாக்குறைக்குப் பதற்றமும் உடலை உஷார் நிலையிலேயே வைத்திருக்கும்.

அதனால் நான் பிள்ளைகளிடம் படுக்கும் நேரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எழும் நேரத்தைத்தான் கேட்பேன். இரவு எப்படிப் போயிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், ஒரே நேரத்தில் எழ வேண்டும். எழுந்ததும் மொட்டைமாடியிலோ வாசலிலோ சிறிது நேரம் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரிசெய்வது காலை வெளிச்சம்தான்.

மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்தாறு மணி நேரம் ஆகும். பகலில் கண் அசந்தால் இருபது நிமிடம் போதும்.

படுக்கையில் உட்கார்ந்து படிக்கக் கூடாது. தூக்கம் வராமல் புரண்டுகொண்டே கிடக்கவும் கூடாது. எழுந்து போய், மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொருகும்போது வந்து படுக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த இந்த முறையை மருத்துவர்கள் இன்றும் சொல்லித்தருகிறார்கள்.

படுக்குமுன், மறுநாள் செய்ய வேண்டியதை ஐந்து நிமிடம் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நள்ளிரவில் கதவைத் திறந்து "இன்னும் தூங்கலையா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே பதற்றத்தைக் கூட்டும். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். பதின்பருவத்தினருக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் தேவை. அதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள்.

வேலைப் பளு, கடன், வீட்டில் நோயாளி என்று தவிக்கும் பெரியவர்களுக்கும் இதே வழிதான். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். மனம் தாளவில்லை என்றால் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.