வேட்டைப் புள்ளும் விலக்குப் பருவமும்

புதுக்கோட்டை மாவட்டத்துப் புன்செய்களும் முட்புதர்களும் காடைக்கும் கௌதாரிக்கும் ஏற்ற உறைவிடங்கள். காடையைப் பூழ், குறும்பூழ் எனவும், கௌதாரியைச் சிவல் எனவும் சங்கச் சான்றோர் வழங்கினர். இப்புட்களை வேட்டையாடுதல் பற்றிய விதி மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது.

முதல் நிலை பருவம். 1912ஆம் ஆண்டுக் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், விலக்குப் பருவம் குறிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகட்கு அளித்தது. அப்பருவத்தில் பிடித்தலும் கொல்லுதலும் குற்றமாம். அச்சட்டம் பிரித்தானிய இந்தியாவிற்கே உரியது; ஆதலின் தொண்டைமான் மன்னரின் புதுக்கோட்டை, 1948 மார்ச் 3இல் சென்னை மாகாணத்தோடு இணையும் வரை, அதன் எல்லைக்குப் புறத்தே நின்றது.

இரண்டாம் நிலை உரிமம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காடை, கௌதாரிகளை நான்காம் அட்டவணையில் வைத்து, உரிமம் பெற்றோரே அவற்றை வேட்டையாடலாம் என விதித்தது.

மூன்றாம் நிலை முழு விலக்கு. 1991 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வேட்டை உரிமப் பிரிவுகளை அகற்றிற்று. எனவே பழைய உரிமச் சீட்டு இன்று வரலாற்றுச் சான்றேயன்றி அனுமதி ஆகாது.

பருவம் குஞ்சினைக் காத்தது. உரிமம் வேட்டுவனை வரையறுத்தது. விலக்கு இனத்தையே காக்கின்றது. இவ்வேறுபாட்டை உணராதார் பழைய ஆவணங்களைப் பிழைபடப் பொருள் கொள்வர். கண்ணியும் வலையும் கொண்டு பிழைத்தோர் அத்தொழிலை இழந்தனர். அவர்தம் தொழிற்சொற்களும் உடன் மறையும். புள்ளைக் காத்தல் சட்டத்தின் கடன். சொல்லைக் காத்தல் நம் கடன்.