உயிர் கேட்கும், மெய் கேளாது

“தாத்தா, பால் வேணுமா?” என்று பேத்தி கேட்கிறாள். “கால் இப்ப வலிக்கலம்மா” என்று விடை வருகிறது. வீட்டார் சிரிக்கின்றனர். ஆனால் அம்முதியவரின் செவி அடைத்துவிடவில்லை. பேத்தியின் குரல் கேட்டது. ‘ஆல்’ என்னும் ஒலியும் கேட்டது. நழுவியது பகர மெய் ஒன்றே.

மூப்பினால் வரும் செவிக்குறை பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகிறது. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் வரிசையாக நின்று ஒலியை உணர்கின்றன. உயர்ந்த சுருதியை உணர்பவை சுருளின் வாயிற்புறத்தே உள்ளன; அவையே முதலில் நலிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இளமையில் ரப்பர் ஆலை இரைச்சலில் உழைத்தவர்க்கு இந்நலிவு முந்தியே வரக்கூடும்.

இங்குத் தமிழ் எழுத்துகளை எண்ணிப் பார்த்தல் ஆசிரியர்க்குப் பயன்தரும். உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் உள்ளது. மெல்லினமும் இடையினமும் ஓரளவு தப்பிவிடும். வல்லினமோ பெயரளவில்தான் வலியது. செவிக்கு அது இமைப்பொழுதில் மறையும் மெலிந்த ஒலி. சகரம் சீறி ஒலிக்கையில் அதன் சுருதி 4,000 ஹெர்ட்சுக்கும் மேலே செல்லும். ஆதலின், “பேசுவது கேட்கிறது, விளங்கவில்லை” என்று முதியவர் கூறுவது சாக்குப்போக்கன்று. “இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்” என்பதும் இக்குறையின் அடையாளமே.

ஆண் குரலினும் பெண் குரலும் குழந்தைக் குரலும் முந்தி மங்கும். தனியறையில் நன்கு உரையாடுபவர் திருமண மண்டபத்தில் திகைப்பார். தொலைக்காட்சியின் ஓசை நாளடைவில் ஏறும். இவற்றை எளிதிற் காணலாம். வீட்டாரை ஏமாற்றுவது வேறொன்று. மெல்லப் பேசினால், “என்ன?” என்பார், உரக்கப் பேசினால், “ஏன் கத்துகிறாய்?” என்று சினப்பார். மெல்லொலி எட்டாத செவிக்கு வல்லொலி அளவுக்கு மீறி உறைப்பது இக்குறையின் இயல்பு. இதற்குப் பிடிவாதம் என்று பெயர் சூட்டிவிடுகிறோம். பாவம், பெரியவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிடுகிறார்.

அறுபது வயதைக் கடந்தோரில் நால்வருள் ஒருவருக்கு மேல் இக்குறை இடர்தரும் அளவில் உண்டென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கத்துவதை விடுத்து, முகம் பார்த்து, நிறுத்திப் பேசினால் உதடசைவும் துணைசெய்யும். செவிச் சோதனை செய்து, வேண்டுமாயின் கருவியைக் காலந்தாழ்த்தாமல் அணிந்து பழகுதல் நன்று. சிலருக்குக் காதுக் குறும்பியை அகற்றினாலே போதும்.

மூப்பின் குறை இரு செவிகளிலும் மெல்ல மெல்ல வருவது. ஒரு செவி மட்டும் திடீரெனக் கேளாமற் போனால் அதை மூப்பென்று இருந்துவிடலாகாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாள் கடந்தால் இழந்த செவிப்புலன் திரும்பாமற் போகலாம்.