உங்களுக்குத் தெரியுமா? லண்டன் டூ சிட்னி: 17,000 கி.மீ.

● லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 17,000 கி.மீ. பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கி.மீ.தான். அதனால் உலகின் எந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாலும் இடைவெளி 20,000 கி.மீ. அளவைத் தாண்டாது. லண்டன் – சிட்னி அந்த உச்சத்தை நெருங்கும் தொலைவு!

● இங்கிலாந்திலிருந்து 30 நாட்களுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு 1919-ல் அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களும் இரண்டு மெக்கானிக்குகளும் விக்கர்ஸ் விமி விமானத்தில் நவம்பர் 12-ல் கிளம்பினார்கள். வழியில் ஜாவாவின் சுரபயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. உள்ளூர் மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து தரையில் விரித்து, ஓடுபாதையே அமைத்துக் கொடுத்தார்கள். டிசம்பர் 10-ல் விமானம் டார்வினில் இறங்கியது. பரிசு நால்வருக்கும் பங்கிடப்பட்டது.

● இந்த வழித்தடத்தின் கதையில் இலங்கைக்கும் இடமுண்டு. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் வழி துண்டிக்கப்பட்டது. 1943 முதல் பெர்த்திலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கு கட்டலினா கடல் விமானங்கள் இடைநில்லாமல் பறந்தன. எதிரிக்குத் தெரியாமலிருக்க ரேடியோவில் பேச்சே கிடையாது; நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை அறிந்தார்கள். ஏற்றியது அதிகபட்சம் மூன்று பயணிகளையும் கொஞ்சம் தபாலையும் மட்டுமே. பயணம் 24 மணி நேரத்தைத் தாண்டியதால் வானிலேயே இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள். அதற்காகச் சான்றிதழும் வழங்கப்பட்டது!

● 1947-ல் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனம் சிட்னி – லண்டன் ‘கங்காரு’ வழித்தடத்தைத் தொடங்கியபோது பயண நேரம் நான்கு நாட்கள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று இறங்கி இறங்கித்தான் போனது.

● 1989 ஆகஸ்டில் குவான்டாஸின் போயிங் 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடங்களில் வந்து சேர்ந்தது. எரிபொருளைச் சேமிக்க, ஓடுபாதை வரை விமானத்தை இழுத்துச் சென்றார்கள். கட்டணப் பயணிகள் யாரும் அதில் ஏற்றப்படவில்லை.

● 2019-ல் போயிங் 787-9 சோதனை ஓட்டம் இதே தூரத்தை 19 மணி 19 நிமிடங்களில் கடந்தது. இப்படி எங்கும் இறங்காமல் பயணிகளை ஏற்றிச் செல்லும் குவான்டாஸ் திட்டத்தின் பெயர் ‘சன்ரைஸ்’: கொக்கல விமானங்கள் கண்ட இரட்டை உதயத்தின் நினைவாக! இதற்கென்றே ஆர்டர் செய்யப்பட்ட ஏ350-1000 விமானங்களில் கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் தொட்டி உண்டு. எடையைக் குறைக்க இருக்கைகள் 238 மட்டுமே.

● போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றல்ல. உயரே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வேகமாக வீசுகிறது. சிட்னி போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். லண்டன் திரும்பும் விமானத்தை எதிர்த்து நிற்கும்.

● தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் இந்தியப் பெருங்கடல்தான் குறுக்குவழி என்று தோன்றும். உண்மையில் மிகக் குறுகிய பாதை சீனா, ரஷ்யா மேலாக வளைந்து போகிறது. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலின் முனைகளை இரு நகரங்களிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் எந்தெந்த நாடுகளின் மேல் போகிறது என்று பிள்ளைகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்!