பூட்டிய பீரோவும் திறந்த நூலகமும்

எங்கள் பள்ளியில் நூலகப் பாடவேளை உண்டு, புத்தகங்களும் உண்டு. ஆனால், பல ஆண்டுகள் அவை பீரோவுக்குள்ளேயே இருந்தன. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சம்தான் காரணம். சாவி என்னிடம்தான் இருந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். புத்தகம் பாதுகாப்பதற்கு மட்டுமல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் சாரம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டியது என்கிறது ஐந்தாம் விதி. அந்த வளர்ச்சி எப்படி இருக்கும் என்பதை இரண்டு பொது நூலகங்களில் பார்க்கலாம்.

சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அங்கே குழந்தைகள் பிரிவில் ஒரு செயற்கை மரம் நிற்கிறது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு பிரெய்லி பிரிவு இருக்கிறது. சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கவும் தனிப் பிரிவு உண்டு. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் பலர் அதைத் தேடி வருகிறார்கள். வீட்டில் கிடைக்காத மேசையும் வெளிச்சமும் அமைதியும் அங்கே கிடைக்கின்றன. ஆக, நூலகம் தருவது புத்தகம் மட்டுமல்ல, இடமும்தான்.

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட 'ஓடி' நூலகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திட்டமிடும்போதே, என்ன வேண்டும் என்று மக்களிடம் கேட்டார்கள். நடுத்தளத்தில் தையல் இயந்திரங்கள், முப்பரிமாண அச்சு இயந்திரங்கள், இசைப்பதிவு அறைகள் உள்ளன. மேல்தளத்தில் உயரம் குறைந்த அடுக்குகளில் புத்தகங்கள் இருக்கின்றன. வாசிக்க வருபவர் அங்கே எதையாவது உருவாக்கவும் செய்கிறார்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டடத்தை அல்ல, அணுகுமுறையை. வகுப்பின் ஒரு மூலையில் பாய் விரித்து, கயிறு கட்டி, அட்டைப்படம் தெரியும்படி புத்தகங்களைத் தொங்கவிடலாம். மூலை எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்களையே கேட்கலாம். வழங்கல் பதிவேட்டை அவர்களே எழுதட்டும். அவர்கள் எழுதி வரைந்த கதைகளைத் தைத்து அதே கயிற்றில் தொங்கவிடுவோம்.

எங்கள் பீரோவைத் திறந்த பிறகு சில புத்தகங்கள் கிழிந்தன. ஒன்றிரண்டு திரும்பி வரவில்லை. ஆனால், சாப்பாட்டு இடைவேளையில் அந்த மூலை காலியாக இருப்பதில்லை. மூலையில் பழகிய பிள்ளைகளை ஊரில் உள்ள கிளை நூலகத்துக்கு அழைத்துச் சென்று உறுப்பினராக்குவது அடுத்த வேலை. நாளை அந்த நூலகத்தில் ஆள் இருக்குமா என்பது, இன்று நாம் பீரோவைத் திறப்பதைப் பொறுத்திருக்கிறது.