வீட்டு இசைக்கருவிகளில் உரப்பைச் சமன் செய்தல்

ஜொகூர் மாநிலத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களை விட்டு நகரங்களில் குடியேறிய தமிழர் இல்லங்கள் சிலவற்றில், மூன்று தலைமுறைக் கருவிகள் ஒரே மேசைமீது இருக்கக் காணலாம். பாட்டனார் வாங்கிய இசைத்தட்டுக் கருவி ஒருபுறம். தந்தையார் வாங்கிய ஒலிநாடாக் கருவி ஒருபுறம். குறுவட்டுக் கருவியும் வானொலியும் மற்றொருபுறம். இவை யாவும் ஆம்பிளிபயர் என்னும் ஒரே பெருக்கியில் இணைக்கப்பட்டிருக்கும். வானொலியில் மின்னல் எஃப்.எம். நிகழ்ச்சி அளவாக ஒலிக்கும். இசைத்தட்டுக்கு மாற்றினால் பாடல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேயும். ஒலிக்குமிழைத் திருகி உயர்த்திய பின் குறுவட்டுக்கு மாற்றினாலோ, உறங்கும் குழந்தை அலறி எழும்! இது கருவியின் பழுதன்று, அளவுகள் ஒவ்வாமையே. இதன் காரணத்தையும் நீக்கும் வழியையும் காண்போம்.

உரப்பும் அதன் அளவையும்

ஒலிக்கு உரப்பு, சுருதி, தரம் என மூன்று பண்புகள் உண்டு. உரத்தும் மெலிந்தும் கேட்பது உரப்பு. உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்பது சுருதி. வீணையையும் குழலையும் பிரித்துக் காட்டுவது தரம். எழுத்துகளின் ஒலிப்பில் எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் வேறுபாடுகளை நன்னூலார் சுட்டியமை தமிழாசிரியர் அறிந்ததே. ஒலியைக் கூர்ந்து பகுத்துப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

ஒலி அளவை ஒப்பிடப் பயன்படும் அலகு டெசிபல். தொலைபேசியைப் படைத்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் 1920-களில் வழங்கிய அலகு இது. இது கூட்டலால் வளர்வதன்று, பெருக்கலால் வளர்வது. மின்திறன் இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். ஆயினும் பத்து மடங்கு திறனைச் செவி பத்து மடங்காக உணர்வதில்லை. ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகவே உணர்கிறது. ஆதலின் 50 வாட் பெருக்கியை விற்றுவிட்டு 100 வாட் பெருக்கியை வாங்குவோர்க்குக் கிடைக்கும் ஊதியம் 3 டெசிபல் மட்டுமே.

வேற்றுமை எங்கே பிறக்கிறது?

இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறிது. பரவலாக வழங்கும் காந்த ஊசியில் அது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். குறுவட்டுக் கருவியோ உச்ச நிலையில் 2 வோல்ட் வரை தரும். அஃதாவது 400 மடங்கு! இந்த இடைவெளியைக் குறைக்கவே பெருக்கியின் பின்புறம் போனோ என்று குறித்த தனி வாயில் அமைந்துள்ளது. அதனுள் இருக்கும் முன்பெருக்கி இசைத்தட்டின் ஒலியை ஏறத்தாழ 100 மடங்கு பெருக்கி, அரை வோல்ட் அளவுக்குக் கொணரும். அப்போதும் குறுவட்டின் உச்சம் நான்கு மடங்கு மிகுதி. டெசிபல் கணக்கில் 12. குழந்தை அலறுவதன் காரணம் இதுவே.

போனோ வாயிலுக்கு மற்றொரு கடமையும் உண்டு. தட்டு வெட்டப்படும்போது தாழ்ந்த சுருதி ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த சுருதி ஒலிகளை மிகுத்தும் பதிகின்றனர். 1954-இல் அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கம் இதற்கு ஒரு பொது முறை வகுத்தது. போனோ வாயில் அம்முறையைத் தலைகீழாக்கி மூல ஒலியை மீட்கிறது. ஆகவே இசைத்தட்டை வேறு வாயிலில் இணைத்தால் மிருதங்கம் மறைந்து தாளம் மட்டும் கீச்சிடும். குறுவட்டைப் போனோ வாயிலில் இணைத்தாலோ ஒலி சிதைந்து அலறும். சமன் செய்யத் தொடங்குமுன் வாயில் சரியா என்று பார்த்தலே முதற்படி.

சமன் செய்யும் முறை

மெலிந்து ஒலிக்கும் கருவியை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். மற்றவற்றை அதன் அளவுக்குத் தாழ்த்துக. மெலிந்ததை வலிந்து உயர்த்தினால் இரைச்சலும் உடன் உயரும். கருவிகள் சிலவற்றில் வெளியீட்டு அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கும். இல்லையேல் மின்தடைகளால் ஆன சிறு தணிப்பானை இடையில் இணைக்கலாம். பின்னர் வழக்கமாக அமரும் நாற்காலியில் கைப்பேசியின் ஒலிமானியை வைத்து, ஒரே பாடலின் ஒரே பகுதியை ஒவ்வொரு கருவியிலும் ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். கைப்பேசி காட்டும் எண் முற்றும் துல்லியமன்று. ஆயினும் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். வேறுபாடு ஓரிரு டெசிபலுக்குள் அடங்கினால் அன்றாடப் பயனுக்குக் குறையில்லை.

கடைக்குச் செல்வோர் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். இரு கருவிகளுள் சற்றே உரத்து ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகவே செவிக்குத் தோன்றும். மெல்லிய அளவில் தாழ்ந்த சுருதி ஒலிகளைச் செவி குறைவாகவே உணர்கிறது என்பதை 1933-இல் ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் ஆய்ந்து காட்டினர். உரப்பைக் கூட்டியதும் அவ்வொலிகள் நிறைந்து கேட்கின்றன. கேட்போர் அதனைக் கருவியின் சிறப்பென மயங்குகின்றனர். அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது, தராசின் முள்ளைப் பாராமல் பொருள் வாங்குவது போன்றது.

மீளாத குரல்கள்

இவ்வறிவு மிகவும் வேண்டப்படும் இடம் பழைய ஒலிநாடாக்களே. தோட்டத்துக் கோயில் திருவிழாவின் பாட்டு, மறைந்த பாட்டியின் தாலாட்டு, திருமண வீட்டு வாழ்த்து எனப் பல குரல்கள் அவற்றில் உறங்குகின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது அளவு மிகக் குறைந்தால், பின்னர் உயர்த்துகையில் மாற்றும் கருவிகளின் இரைச்சலும் சேர்ந்து உயர்ந்து குரலை மூடும். மிகுந்தாலோ கேடு பெரிது. நாடா மிகுதியை ஓரளவு தாங்கும். கணினிப் பதிவில் சுழியம் என்னும் எல்லையைத் தாண்டும் அலையின் தலை வெட்டுண்டு போகும். வெட்டுண்டது பின்பு முழுமையாக மீளாது. எனவே உச்சம் சுழியத்துக்கு 6 டெசிபல் கீழே நிற்குமாறு முதலில் ஓட்டிப் பார்த்து, அதன்பின் பதிவதே முறை. நைந்த நாடா மறுமுறை ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

இறுதியாக, அளவு செவிக்கும் வேண்டும். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தொழிலிட இரைச்சல் விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை எல்லையாக வகுத்துள்ளன. ஆலைக்கு எல்லை வேண்டுமெனில், வீட்டுக் கூடத்துக்கும் வேண்டுமன்றோ? கருவிகளைச் சமன் செய்தபின் குமிழை அடிக்கடி உயர்த்த வேண்டிய தேவை எழாது. பாட்டனாரின் பாட்டும் பேரனின் பாட்டும் ஒரே அளவில் ஒலிக்கும் இல்லத்தில், ஒன்றைக் கேட்க மற்றொன்றைப் பொறுத்துக்கொள்ளும் துன்பம் இராது.