வயிறு நிறைந்த மாடு மெலிவதேன்?

பெரும்போக அறுவடை முடிந்ததும் யட்டிநுவர, உடுநுவரப் பகுதி வயலோரங்களில் வைக்கோல் குவிந்து கிடக்கும். அதனை மாட்டுக்கு இட்ட கமக்காரர் பலர், “வயிறு நிறையத் தின்கிறது, ஆயினும் பால் வற்றி, விலா எலும்பு தெரிகிறதே” என்று வருந்துவதுண்டு. நோயில்லாத மாட்டிலும் இவ்வாறு நேரும். இதன் காரணத்தை உணர, மாட்டின் வயிற்றினுள் நிகழ்வதை அறிதல் வேண்டும்.

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதலறை பெருந்தாழி போன்றது. பெரிய இனப் பசுக்களில் அது 100 லீற்றருக்கு மேலும் கொள்ளும். விழுங்கிய தீனி அங்கே ஊறும். பின்னர் மாடு அதனை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். வைக்கோலின் நாரைச் செரிக்கும் ஆற்றல் மாட்டுக்கு இயல்பாகக் கிடையாது. முதலறையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே நாரைப் புளிக்கச் செய்து அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குக் கிட்டும் சக்தியில் நூற்றுக்கு 70 பங்களவு இவ்வமிலங்களிலிருந்தே வருகிறது.

இவ்வமிலங்கள் இரைப்பைச் சுவரினூடு இரத்தத்திற் கலந்து ஈரலை அடையும். ஈரல் அவற்றுள் ஒரு பகுதியைக் குளுக்கோசாக மாற்றும். இதயம் இரத்தத்தை நுரையீரலுக்குச் செலுத்தி, ஒட்சிசன் ஏற்றிவந்த இரத்தத்தை உடலெங்கும் அனுப்பும். அடுப்பில் விறகு காற்றோடு சேர்ந்து எரிவது போல, உடற்கலங்களில் உணவுச்சத்து ஒட்சிசனோடு சேர்ந்து, சுவாலையின்றிச் சிறிது சிறிதாகச் சக்தியை வெளிவிடும். உடற்சூடும் உழைப்பும் பாலும் இச்சக்தியால் ஆவனவே. எஞ்சும் காபனீரொட்சைட்டு மூச்சோடு வெளியேறும். ஒரு லீற்றர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லீற்றர் வரை இரத்தம் மடியினூடு ஓட வேண்டும்.

இனி வைக்கோலைக் கவனிப்போம். தீனியில் நூற்றுக்கு 7 பங்கு புரதமேனும் இல்லாவிடின் நுண்ணுயிர்கள் நன்கு பெருகா. வைக்கோலில் 3 முதல் 5 பங்கே உண்டு. நுண்ணுயிர் குறையவே, வைக்கோல் செரியாது வயிற்றில் தேங்கும். இடமின்மையால் மாடு மேலும் தின்னாது. ஆகவே வயிறு பருத்திருக்க, உடல் மெலிகிறது.

இதற்குப் பரிகாரம் இரண்டு உண்டு. முதலாவது, வேலியிலுள்ள சீமைக்கிளுவை இலையை வெட்டிச் சற்று வாடவைத்து, வைக்கோலுடன் சேர்த்துக் கொடுத்தல். உலர்நிலையில் அவ்விலையில் 20 பங்கு அளவு புரதம் உண்டு.

இரண்டாவது, வைக்கோலை யூரியாவாற் பதப்படுத்தல். 1980ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற வைக்கோற் பயன்பாட்டுத் திட்டத்தில் இம்முறை ஆராயப்பட்டது. 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்து, 100 கிலோ உலர்ந்த வைக்கோலின்மீது படை படையாகத் தெளித்து மிதித்து அமுக்குக. காற்றுப் புகாமற் பொலித்தீனால் மூடி, 14 முதல் 21 நாள் வரை வைத்திருக்க. கொடுக்குமுன் ஒரு மணி நேரமாயினும் காற்றாட விரித்து, காரநெடி நீங்கியபின், முதலிற் சிறிதளவாகக் கொடுத்துப் பழக்குக.

யூரியாக் கரைசலை மாடு குடித்தால் இறக்கவுங்கூடும். ஆதலால் கரைசலையும் பசளைப் பையையும் மாடு அணுகாவிடத்தில் வைக்க. ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்குப் பதப்படுத்திய வைக்கோலைக் கொடுத்தலாகாது.

மற்றுமொன்று: பொங்கலன்றும் விருந்தன்றும் மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு ஒருசேரக் கொட்டாதீர்கள். சோறு விரைந்து புளித்து அமிலம் மிகும், நுண்ணுயிர்கள் மடியும், மாடும் மடியக்கூடும். அசைபோடாது சோர்ந்து நிற்கும் மாட்டைக் கண்டால், தாமதியாது அரச கால்நடை வைத்தியரை நாடுக.

மாட்டுக்கு இடும் தீனி முதலில் அந்நுண்ணுயிர்களுக்கே சேர்கிறது. அவற்றின் பசி தீர்ந்தாலன்றி மாட்டின் பசி தீராது.