போர் முடிஞ்சு 28 வருஷம் ஆச்சு... ஆனாலும் காட்டை விட்டு வராத ஜப்பான் வீரர்கள்! என்ன காரணம்?

1974, மார்ச் 9. பிலிப்பைன்ஸின் லூபாங் தீவு. ஒட்டுப்போட்டுத் தைத்த ராணுவ உடையில் 51 வயது மனிதர் ஒருவர் விறைப்பாக நிற்கிறார். எதிரே, ஜப்பானில் புத்தகக் கடை நடத்திக்கொண்டிருந்த முன்னாள் மேஜர் ஒருவர் கையில் இருந்த காகிதத்தை வாசிக்கிறார். 'எல்லா நடவடிக்கைகளையும் நிறுத்துங்கள்' என்பதுதான் அந்த உத்தரவின் சாரம்.

ஹிரூ ஒனோடாவுக்கு இரண்டாம் உலகப் போர் அன்றுதான் முடிந்தது. உலகத்துக்கு அது 1945-லேயே முடிந்துவிட்டது.

யார் இந்த ஒனோடா?

ஜப்பான் ராணுவத்தின் உளவுப் பிரிவு அதிகாரி. கெரில்லா போர்ப் பயிற்சி பெற்றவர். 1944 டிசம்பரில் லூபாங் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவருக்குத் தரப்பட்ட உத்தரவு தெளிவானது: சரணடையக் கூடாது, தற்கொலையும் செய்துகொள்ளக் கூடாது, எத்தனை வருஷம் ஆனாலும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

1945 பிப்ரவரி கடைசியில் அமெரிக்கப் படைகள் தீவில் இறங்கின. ஜப்பான் தரப்பில் பெரும்பாலானோர் இறந்தார்கள், அல்லது பிடிபட்டார்கள். ஒனோடாவும் மூன்று பேரும் மலைக்காட்டுக்குள் போனார்கள். வாழைக்காய், தேங்காய், கிராமத்து மாடுகள், திருடிய அரிசி... இதுதான் சாப்பாடு.

நால்வரில் ஒருவர் 1949-ல் பிரிந்துபோய், அடுத்த வருஷம் சரணடைந்தார். இன்னொருவர் 1954-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைசித் தோழர் கொசுகா 1972 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். அதன்பிறகு ஒனோடா தனி ஆள்.

போர் முடிஞ்சதை யாருமே சொல்லலையா?

சொன்னார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1945-லேயே துண்டுப் பிரசுரங்கள் போடப்பட்டன. ஜெனரல் யமாஷிதாவின் சரண் உத்தரவே அச்சடித்து வீசப்பட்டது. 1952-ல் குடும்பத்தினரின் கடிதங்களும் போட்டோக்களும் விமானத்தில் இருந்து போடப்பட்டன. ஒனோடாவின் அண்ணனே தீவுக்கு வந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். எதுவும் எடுபடவில்லை.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஒனோடாவுக்குத் தகவல் கிடைக்காமல் இல்லை. தேடுதல் குழுக்கள் விட்டுச்சென்ற செய்தித்தாள்களைப் படித்தார். ரேடியோவும் கேட்டார். ஆனால் வந்த ஒவ்வொரு தகவலையும், ஏற்கெனவே மனதில் இருந்த முடிவுக்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொண்டார். துண்டுப் பிரசுரத்தில் சின்னப் பிழை இருந்தால், 'பாரு, எதிரி செஞ்ச போலி' என்று ஆகிவிடும். பிழையே இல்லையென்றால், 'எதிரி கெட்டிக்காரன்' என்று ஆகிவிடும். அண்ணன் குரல்கூட, யாரோ செய்யும் மிமிக்ரியாகத் தோன்றியது. எந்த ஆதாரம் வந்தாலும் தோற்காத ஒரு நம்பிக்கை அது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

ஒனோடா மட்டும் இல்லை. பசிபிக் தீவுகளில் பலர் இப்படிப் பதுங்கியிருந்தார்கள். காரணங்கள் மூன்று.

* தொடர்பு அறுந்தது: அமெரிக்கா எல்லா தீவையும் பிடிக்கவில்லை. முக்கியமானதை மட்டும் பிடித்துவிட்டு முன்னேறியது. சிதறிய வீரர்களுக்குத் தலைமையோடு தொடர்பே இல்லை.
* அவமானம்: 1941-ல் டோஜோவின் பெயரில் வந்த போர்க்கள நடத்தை விதி, கைதியாகும் அவமானத்தோடு உயிர்வாழக் கூடாது என்று போதித்தது.
* பயம்: பிடிபட்டால் சித்திரவதை செய்து கொன்றுவிடுவார்கள் என்று பலர் நம்பினார்கள்.

குவாம் தீவில் பதுங்கியிருந்த ஷோய்ச்சி யோகோய் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. போர் முடிந்தது அவருக்கு 1952-லேயே தெரியும். ஆனாலும் வெளியே வரவில்லை. தையல் தொழில் தெரிந்தவர் என்பதால், மரப்பட்டை நாரில் துணி நெய்து உடுத்திக்கொண்டு நிலத்தடிக் குழியில் வாழ்ந்தார். 1972 ஜனவரியில் உள்ளூர்க்காரர்கள் பிடித்தபோது அவருக்கு வயது 56. உயிரோடு திரும்பி வந்ததற்கு வெட்கப்படுவதாகத்தான் ஜப்பானில் இறங்கியதும் சொன்னார்.

ஒனோடா எப்படி வெளியே வந்தார்?

1974 பிப்ரவரியில் நோரியோ சுஸுகி என்ற ஊர்சுற்றி இளைஞர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். மேலதிகாரி உத்தரவு தந்தால்தான் வருவேன் என்றார் ஒனோடா. சுஸுகி ஜப்பான் திரும்பி விஷயத்தைச் சொல்ல, பழைய மேஜர் தனிகுச்சி தீவுக்கு அழைத்துவரப்பட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்த மார்ச் 9 சம்பவம். பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஜப்பானில் ஹீரோ வரவேற்பு!

இதில் யாரும் பேசாத பக்கம்?

இருக்கிறது. அந்த வருஷங்களில் ஒனோடா குழுவால் லூபாங்கில் சுமார் 30 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வயலில் வேலை பார்த்தவர்கள், மீனவர்கள் என்று சாதாரண மக்கள். போர் முடிந்த நாட்டில், போரில் செத்தவர்கள். 1996-ல் ஒனோடா அந்தத் தீவுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு 10,000 டாலர் கொடுத்தபோது, இறந்தவர்களின் உறவினர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒனோடா 2014-ல் தனது 91-வது வயதில் இறந்தார்.

இன்னொருவர் தெருவோ நகாமுரா. தைவானின் அமிஸ் பழங்குடியைச் சேர்ந்தவர். தைவான் அப்போது ஜப்பானின் காலனி. இந்தோனேசியாவின் மொரோடாய் தீவில் 1974 டிசம்பரில், ஒனோடாவுக்கும் ஒன்பது மாதம் கழித்துப் பிடிபட்டார். அவருக்கு ஹீரோ வரவேற்பு இல்லை. ஜப்பான் குடிமகன் இல்லை என்பதால் சட்டப்படி பென்ஷனும் கிடையாது. முதலில் கைக்கு வந்தது 68,000 யென் மட்டும். மக்கள் கொந்தளித்த பிறகே கூடுதல் பணம் சேர்ந்தது. ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று நினைத்து மனைவி மறுமணம் செய்திருந்தார். 1979-ல் புற்றுநோயால் இறந்துபோனார்.

ஒரே ராணுவத்தின் உத்தரவுக்குத்தான் இருவரும் கீழ்ப்படிந்தார்கள். அதில் ஒருவருடைய பெயர் மட்டும்தான் இன்று உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது.